கணினியில் நேரம் தப்பாகக் காட்டினால்: கிரிவலப் பாதையில் கற்றுக்கொண்டது

கணினியின் மூலையில் தெரியும் நேரம் பத்து நிமிடம் முன்பின் இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் போன் இருக்கிறது, அதில் சரியான நேரம் தெரிகிறது, அப்புறம் என்ன? இருபது வருடமாக மென்பொருள் துறையில் இருக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு பௌர்ணமி இரவில் எங்கள் பெரியம்மாவைத் தொலைத்துவிட்டுத் தேடிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

நாங்கள் திருவண்ணாமலைக்காரர்கள். பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை விடமாட்டார். போனும் வைத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு அடி அண்ணாமலை தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அண்ணன் (பெரியம்மா மகன்) வாயு லிங்கம் பக்கம் தேடினார். நான் குபேர லிங்கம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். இரண்டு பேருமே வழியில் கேமரா மாட்டியிருந்த கடைகளில் கெஞ்சிக் கேட்டு, பதிவான படத்தை ஓட்டிப் பார்த்தோம்.

அதிர்ஷ்டம், இரண்டு இடத்திலும் மாம்பழ மஞ்சள் புடவையோடு பெரியம்மா தெரிந்தார். வாயு லிங்கத்துக்குப் பக்கத்து டீக்கடைப் படத்தில் மணி 9:59. நான் இருந்த கடைப் படத்தில் 9:51.

கிரிவலத்தில் வாயு லிங்கம் முதலில் வரும், குபேர லிங்கம் பிறகு. பெரியம்மா 9:51-க்குக் குபேர லிங்கத்தையும் 9:59-க்கு வாயு லிங்கத்தையும் தாண்டியிருந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். "எங்களைத் தேடித் திரும்பி நடந்திருக்காங்கடா," என்றார் அண்ணன். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அடி அண்ணாமலை நோக்கிக் கிளம்பிவிட்டார்.

நான் கடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். சும்மா திரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரம் 11:06. என் போனில் 11:20.

"அண்ணே, இந்த மெஷின்ல டைம் சரியா இருக்கா?"

"டைமெல்லாம் யாரு சார் பாக்குறா? படம் தெளிவா விழுதா இல்லையா, அதான் கணக்கு."

இந்தக் கடை 14 நிமிடம் மெதுவு. அப்படியானால் டீக்கடை? அண்ணன் அங்கிருந்து திரையை போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் ஓடும் கடிகாரம் 11:03. செய்தி வந்த நேரம் 10:42. அந்த மெஷின் 21 நிமிடம் வேகம்.

கணக்கைப் போட்டேன். டீக்கடையில் 9:59 என்றால் உண்மையில் 9:38. இங்கே 9:51 என்றால் உண்மையில் 10:05. பெரியம்மா திரும்பவே இல்லை. சரியான திசையில், ஒழுங்காக நடந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறார். தப்பான திசையில் போனது அண்ணன்தான்.

ஈசான்ய லிங்கத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு கடையில் மூன்றாவது மெஷின். இரவுக் காட்சிக்கு மேலே மாலை 5:02 என்று போட்டிருந்தது! என் போனில் 11:35, அந்த மெஷினில் 6:05. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். அப்படியானால் அந்தக் காட்சி 10:32. அதில் பெரியம்மா எதிர்த் திண்ணையில் போய் உட்காருகிறார். திரையிலிருந்து தலையைத் திருப்பி எதிரே பார்த்தேன். அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"எங்கடா போனீங்க எல்லாரும்? எவ்ளோ நேரமா காத்துட்டிருக்கேன்," என்றார்.

மூன்று கடை, மூன்று கடிகாரம், மூன்றும் தப்பு. ஆனால் மூன்றும் ஒரே மாதிரித் தப்பு இல்லை. அதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கணினிக்குள் இரண்டு கடிகாரம்

கேமரா பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் ஒரு கணினிதான். எந்தக் கணினியை எடுத்தாலும் பொதுவாக உள்ளே இரண்டு கடிகாரங்கள் இருக்கும்.

முதலாவது வன்பொருள் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னச் சில்லு. கணினியை அணைத்தாலும், பிளக்கைப் பிடுங்கினாலும் இது ஓடும். இதற்கு உயிர் கொடுப்பது காசு மாதிரி இருக்கும் ஒரு பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியிலிருந்து இந்த ஏற்பாடு வழக்கமானது. அதற்கு முந்தைய ஐபிஎம் பிசியில், தனியாகக் கடிகார அட்டை செருகாவிட்டால், ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

இரண்டாவது மென்பொருள் கடிகாரம், அதாவது இயங்குதளம் வைத்திருக்கும் நேரம். கணினி எழும்போது வன்பொருள் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்து, "இப்ப மணி இவ்வளவு" என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தானே எண்ணிக்கொண்டு போகும். நாம் திரையில் பார்ப்பது இதைத்தான்.

ஆகவே "நேரம் தப்பு" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: எந்தக் கடிகாரம் தப்பு? மென்பொருள் கடிகாரத்தை மட்டும் திருத்திவிட்டு, அது வன்பொருள் கடிகாரத்தில் எழுதப்படாமல் போனால், அடுத்த முறை கணினியைப் போட்டதும் பழைய தப்பு திரும்ப வந்து நிற்கும்.

எவ்வளவு தப்பு என்று பார்த்தாலே காரணம் தெரியும்

வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி, எவ்வளவு நேரம் விலகியிருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

சில விநாடி, சில நிமிடம் என்றால், கடிகாரம் மெல்ல நழுவுகிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் குழப்பம். வேறு ஏதாவது முழு மணி அல்லது அரைமணிக் கணக்கு என்றால், நேர மண்டலம் தப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. வருடமே தப்பு என்றால் பேட்டரி செத்துவிட்டது. 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று காட்டினால், உள்ளே எண்ணிக்கை பூஜ்யத்தில் இருக்கிறது என்று பொருள். யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளைத்தான் நேரமாக எண்ணுகின்றன. அந்தத் தொடக்கம் இந்தியாவில் விடிகாலை ஐந்தரை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நழுவும் கடிகாரம்

வன்பொருள் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்த எண்? இரண்டை 15 தடவை பெருக்கினால் 32,768. ஆக 15 தடவை பாதி பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். மின்சுற்றுக்கு அது ரொம்ப சுலபம்.

ஆனால் படிகம் துல்லியமாக அதே எண்ணிக்கையில் அதிராது. சாதாரணப் படிகத்துக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழை சகஜம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் பத்து லட்சத்தில் 20 என்றால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி. டீக்கடை மெஷினின் 21 நிமிடம் இந்தக் கணக்கில் சரியாக இரண்டு வருட நழுவல். அதாவது, கேமரா மாட்டியவர் நேரம் வைத்துவிட்டுப் போனதோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லை.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த வகைப் படிகம் 25 டிகிரியில்தான் ஒழுங்காக ஓடும். சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். விலகும் டிகிரியின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். 40 டிகிரியில் நாளுக்கு 0.66 விநாடி போகும். தகர ஷீட்டுக்குக் கீழே மாட்டிய பெட்டிக்குள் 50 டிகிரி ஆகிவிட்டால் 1.8 விநாடி. பதினைந்து டிகிரி விலகலுக்கும் இருபத்தைந்து டிகிரி விலகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இதற்கு மருந்து, இணையத்தின் வழியாக அடிக்கடி நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது. என்டிபி என்ற இந்த முறையை அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் உருவாக்கினார். 1985-இல் அதன் முதல் விவரணை வந்தது.

"மணி என்ன?" என்று கேட்டுப் பதில் வருவதற்குள்ளேயே நேரம் போய்விடுமே? அங்கேதான் அழகு. என் கணினி 10:00:00.000 என்று நினைக்கும்போது கேள்வியை அனுப்புகிறது. சர்வர் அதைத் தன் கடிகாரப்படி 10:00:05.050-க்கு வாங்கி, 10:00:05.060-க்குப் பதில் அனுப்புகிறது. பதில் வந்து சேரும்போது என் கடிகாரம் 10:00:00.110. போய்வர மொத்தம் 110 மில்லி விநாடி. அதில் சர்வர் வைத்திருந்தது 10. மீதி 100-ஐப் பாதியாக்கினால் ஒரு வழிக்கு 50. ஆக, என் கடிகாரம் சரியாக 5 விநாடி மெதுவு. போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்பது மட்டும்தான் அனுமானம்.

விண்டோஸில் செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் டேட் அண்ட் டைம். 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' இயக்கத்தில் இருக்க வேண்டும். கீழே 'சிங்க் நவ்' பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். இப்போதைய பெரும்பாலான லினக்ஸ்களில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை இருக்கிறது. அதைத் தனியாக அடித்தாலே உள்ளூர் நேரம், பொது நேரம், வன்பொருள் கடிகாரத்தின் நேரம் மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டும். நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனோடு செட்-என்டிபி ட்ரூ என்று சேர்த்தால் இணைய நேரம் இயங்கத் தொடங்கும். மென்பொருள் நேரத்தை உடனே வன்பொருள் கடிகாரத்தில் எழுத ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையோடு சிஸ்டுஹெச்சி என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும்.

ஐந்தரை மணி நேரம்

இது நம் ஊரில் ரொம்பப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். வன்பொருள் கடிகாரத்துக்குத் தான் எந்த ஊர் நேரத்தை வைத்திருக்கிறோம் என்று தெரியாது. வெறும் எண்தான் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்பதில் இரண்டு கட்சி. விண்டோஸ், "இதில் இருப்பது உள்ளூர் நேரம்" என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ், "இதில் இருப்பது யூடிசி" என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி கூட்டும்.

ஒரே கணினியில் இரண்டையும் போட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் இரவு 10 மணிக்கு வன்பொருள் கடிகாரத்தில் மாலை 4:30 என்று எழுதிவைக்கும். பிறகு விண்டோஸ் எழுந்து, "மணி நாலரை" என்று சொல்லும். விண்டோஸ் இணையத்தில் பார்த்து 10 என்று திருத்தினால், அடுத்து எழும் லினக்ஸ் அதோடு ஐந்தரை கூட்டி, விடிகாலை மூன்றரை என்று சொல்லும். இரண்டும் மாறி மாறித் திருத்திக்கொண்டே இருக்கும். மாமியார் மருமகள் ஒரே சமையலறையில் உப்புப் போடுகிற கதை.

யாராவது ஒருவரை ஒத்துப்போக வைக்க வேண்டும். சுலபமான வழி, லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்து, உள்ளூர் நேரமாகவே படிக்கச் சொல்வது. கோடைக் காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது சிக்கலைத் தரும். இந்தியாவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் முறையான வழி, விண்டோஸை யூடிசிக்குப் பழக்குவதுதான். ரெஜிஸ்ட்ரியில் கரன்ட்-கன்ட்ரோல்-செட், கன்ட்ரோல், டைம்-ஸோன்-இன்ஃபர்மேஷன் பகுதிக்குள் ரியல்-டைம்-இஸ்-யுனிவர்சல் என்ற மதிப்பை உருவாக்கி 1 என்று வைக்க வேண்டும். பெயரை இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் ஒரே சொல்லாக எழுதணும். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஈசான்ய லிங்கத்துக் கடை மெஷினில் விஷயம் இன்னும் எளிது. நேர மண்டலத்தை யாரும் தேர்ந்தெடுக்கவே இல்லை, ஜிஎம்டி என்றே விட்டிருந்தார்கள். +5:30 என்று மாற்றினேன். முடிந்தது.

வருடமே மாறினால்

அடுத்த வாரம் நன்றி சொல்ல மூன்று கடைக்கும் போனேன். குபேர லிங்கத்துக் கடைக்காரர், "சார், வந்ததுதான் வந்தீங்க, இந்த பில் போடுற கம்ப்யூட்டரையும் ஒரு பார்வை பாருங்க. எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது," என்றார். தேதி 2012 என்று இருந்தது.

இணையதளம் ஏன் திறக்கவில்லை? பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்" என்று இருக்கும். கணினி தன்னை 2012-இல் இருப்பதாக நினைத்தால், அதன் பார்வையில் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. அதனால் கதவைச் சாத்திவிடும்.

இணைய நேரத்தை இயக்கினால் தானே சரியாகிவிடாதா? இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். வித்தியாசம் ரொம்பப் பெரியதாக இருந்தால் மென்பொருளே சந்தேகப்பட்டு மறுத்துவிடும். தனியாக இருக்கும் விண்டோஸ் கணினிக்கு வழக்கமான எல்லை 15 மணி நேரம். பழைய என்டிபிடி நிரலுக்கு 1000 விநாடி. ஆகவே முதலில் கையால் தேதியையும் நேரத்தையும் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள். பிறகு இணைய நேரத்தோடு ஒத்திசையுங்கள்.

ஆனால் நோய் பேட்டரியில். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய பேட்டரியை எடுத்துப் புதிதைப் போட வேண்டும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். எடுப்பதற்கு முன் பயாஸ் திரைகளை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் அந்த அமைப்புகளும் போகலாம்.

திருத்துவதற்கு முன் ஒரு நிமிடம்

டிவிஆர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இது. ஏதாவது சம்பவத்துக்காகப் படம் பார்க்கப் போகிறீர்கள், நேரம் தப்பாக இருக்கிறது என்றால், உடனே திருத்தாதீர்கள். ஓடும் கடிகாரத்தையும் போனையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். அந்த வித்தியாசம்தான் பழைய பதிவுகள் அத்தனைக்கும் சாவி. திருத்திவிட்டால் சாவி தொலைந்துவிடும். அண்ணன் தற்செயலாக அனுப்பிய அந்த ஒரு போட்டோ இல்லையென்றால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, இந்திய நிறுவனங்கள் தங்கள் கணினி நேரத்தை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. காரணம் எங்கள் கதைதான். திருடன் எந்தக் கணினியில் முதலில் நுழைந்தான், எதில் பிறகு நுழைந்தான் என்பது, கடிகாரங்கள் ஒத்துப்போனால்தான் தெரியும்.

சரியான நேரம் என்பது யாருடைய நேரம்?

அந்த 14 நிமிட மெதுவு என்னை விடவில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருவண்ணாமலை ஏறக்குறைய 79.07 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். 3.43 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 13 நிமிடம் 43 விநாடி. நம் ஊரின் சராசரிச் சூரியன் இந்திய நேரத்துக்கு அவ்வளவு பின்னால்தான் உச்சிக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அன்று தப்பாக ஓடிய கடிகாரம் நம் ஊர்ச் சூரியனோடு ஏறக்குறைய ஒத்துப்போயிருந்தது!

இப்படி ஊருக்கு ஊர் நேரம் இருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அமைத்த வானாய்வகத்தின் நேரம்தான் மெட்ராஸ் டைம். ரயில்கள் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1-இல்தான் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். லினக்ஸில் இந்திய நேர மண்டலத்தை வைத்து 1900-ஆம் ஆண்டின் ஒரு தேதியைக் கேட்டால், பொது நேரத்திலிருந்து 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று மெட்ராஸ் நேரத்தைக் காட்டும். 1943 என்று கேட்டால் ஆறரை மணி நேரம் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தார்கள்.

விண்டோஸ் பட்டியலில் ஐந்தரைக்கு ஏன் இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இலங்கை 1996 மே மாதம் ஆறரைக்குப் போய், அதே வருடம் அக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. இன்றைய நேரம் ஒன்றானாலும் நேற்றைய வரலாறு வேறு. பழைய கோப்பின் நேரத்தைச் சரியாகச் சொல்ல, கணினி அந்த வரலாற்றையும் சுமக்கிறது.

மூன்று டிவிஆர்களையும் திருத்திவிட்டேன். இரண்டுக்கு இணையம் இருக்கிறது, என்டிபி வைத்தாயிற்று. டீக்கடையில் இணையம் இல்லை. அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் காலையில் போனைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதமாகச் செய்கிறார் என்று கேள்வி.

பெரியம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிரிவலம் போகிறார்.